இதயம் பிழைத்த பின்

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு மேலைவைத்தியம் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டத்தோடு முறையாக வந்தது. அன்று கோப்பிக் காலம். நோயாளியை மீண்டும் பிரட்டுக்களத்தில் நிறுத்தினால் போதும்; வைத்தியம் முடிந்ததென்று கணக்கு. அந்தக் கணக்கு இன்னும் அழியவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

உலகமோ வெகுதூரம் சென்றுவிட்டது. 1953இல் பிலடெல்பியாவில் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் இதயத்தைத் திறந்து செப்பனிட்டார். 1977இல் சூரிச்சில் குருன்ஸிக் அடைபட்ட முடியுரு நாடியைப் பலூனால் விரித்தார். இவ்வெற்றிகளோடு ஒரு தீங்கும் ஒட்டிவந்தது. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்குரியது. சத்திரசிகிச்சையில் அந்த ஓட்டம் குன்றினால் அவை வாடும். நாடிகளைப் படம்பிடிக்கச் செலுத்தும் அயடீன் மருந்தும் சிலருக்கு ஊறு செய்யும்.

ஏற்கெனவே நலிந்த சிறுநீரகமே எளிதில் வீழ்கிறது. பதுளை மாவட்டத்துத் தாழ்நிலமாகிய கிராந்துருக்கோட்டையில், காரணம் தெளியாத சிறுநீரக நோய் உழவரை அரித்துவருவதை நாம் மறத்தற்கில்லை.

சிறுநீரகம் வாய்விட்டு அலறும் உறுப்பன்று. இரத்தத்தில் கிரியற்றினின் ஏறிக் காட்ட ஓரிரு நாள் செல்லும். அதற்குள் நோயாளி பசறைக்கோ நமுனுகுலைக்கோ, தம் லயத்துக்குத் திரும்பியிருக்கக் கூடும். மூன்றாம் நாள் ஒரு இரத்தச் சோதனை போதும், பெருஞ்செலவன்று. ஆனால் அவரைக் கைத்தாங்கலாக மலையிறக்கிவரும் மகளுக்கு அன்று பேர் விழாது.