நம் தையற்பெட்டியில் இருந்த ரேந்தை

நமது பாடசாலையில் தையல் படித்தவர்களுக்கு ‘ரேந்தை’ என்ற சொல் புதிதல்ல. தலையணை உறையின் ஓரத்திலும் சட்டைக் கழுத்திலும் வைத்துத் தைத்த வெள்ளைக் கரையை அப்படித்தான் அழைத்தோம். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அன்று நாம் கேட்டதில்லை.

‘ரென்டா’ என்பது போர்த்துக்கேயச் சொல். சப்பாத்து, அலுமாரி, லேஞ்சி முதலியன போல அதுவும் நம் பேச்சில் கலந்தது. சிங்களத்திலும் அது ‘ரேந்த’ என்றே வழங்குகிறது. காலி, வெலிகம, திக்குவல்லைப் பகுதிகளில் பெண்கள் பின்னும் ‘பீரலு’ ரேந்தையின் பெயரும், நூற்கட்டையைக் குறிக்கும் ‘பில்ரோ’ என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

பீரலு பின்னுவதற்கு ஊசியில் நூல் கோப்பதில்லை. திணித்து இறுக்கிய தலையணையின் நடுவே சுழலும் உருளை ஒன்று இருக்கும். அதன்மேல் கட்டத்தாளில் துளையிட்ட மாதிரியைச் சுற்றி, துளைதோறும் குண்டூசி குத்துவர். நூல் சுற்றிய மரக்கட்டைகளைச் சோடி சோடியாக எடுத்து முறுக்குவதும் குறுக்கே மாற்றுவதுமே வேலை. இவ்விரண்டு அசைவுகளிலிருந்தே பூவும் இலையும் வலையும் பிறக்கின்றன. அகலமான வேலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட கட்டைகள் தேவைப்படும். ஒரு கட்டை மாறினாலும் பின்னியதை அவிழ்க்க வேண்டியதுதான்.

ரேந்தை அலங்காரம் மட்டுமன்று, பெண்ணின் சொந்த வருமானமாகவும் இருந்தது. கடலுக்கு அப்பால் நாகர்கோவிலில், 1819இல் வந்து சேர்ந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ற் அம்மையார் தமது பெண்பிள்ளைகள் பாடசாலையில் ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமை நிலையிலிருந்த சிறுமியர் சிலர், அந்தக் கூலியைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததோ 1855இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் றொபேட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் இக்கலையைக் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நாம் வகுப்பில் படித்தோம். அவர் மனைவியின் ரேந்தையைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லவில்லை.

1809இல் இங்கிலாந்தில் ஜோன் ஹீத்கோட் ரேந்தை வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இயந்திர ரேந்தை படிப்படியாக மலிந்தது. இன்று கடையில் யார் கணக்கில் வாங்கும் ரேந்தையின் விலையோடு, நாள் முழுவதும் குனிந்திருந்து சில அங்குலம் பின்னுபவளின் கூலி போட்டியிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை தென்கரைக் கிராமங்களைத் தாக்கியபோது, வீடுகளோடு தலையணைகளும் மாதிரித் தாள்களும் போயின. பலர் மீண்டும் தொடங்கினர். ஆனால், உழைப்புக்கேற்ற கூலி கிடைக்காத தொழிலைத் தொடரும்படி மகளிடம் எந்தத் தாய் சொல்வாள்?

ஆகவே, பழம்பெருமை பேசுவதால் மட்டும் இக்கலை நிலைக்காது. கையால் பின்னிய ரேந்தையை வாங்கும்போது பேரம் பேசாதிருப்போம். வீட்டிலுள்ள பழைய துண்டுகளைக் கஞ்சி போடாமல் துவைத்து, மடிக்காமல் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து வைப்போம். பின்னியவர் யார், எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வைப்போம். பெயர் தெரியாத கைவேலையை அடுத்த தலைமுறை பழந்துணி என்று எறிந்துவிடும்.

குரோசே ஊசி பிடிக்கத் தெரிந்த மூத்த சகோதரிகள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் இந்நூற்றாண்டு ஆண்டில் இன்றைய மாணவி ஒருத்திக்காவது ஒரு கரை பின்னக் கற்றுக்கொடுத்தால், அதுவே நாம் நமது பாடசாலைக்குச் செய்யும் நன்றிக்கடன். இக்கலை இதுவரை கைக்குக் கை மாறியே வந்திருக்கிறது. அது நம் கையோடு நின்றுவிடக் கூடாது.