முகமூடி கழன்ற கதைகள்

போச்சம்பள்ளி! ஞாயிறுதோறும் கூடும் சந்தையால் பெயர் பெற்ற ஊர். மாவும் புளியும் நிழல் தரும் மண். இன்று அவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில், 2021-இல் எழுந்த மின் ஸ்கூட்டர் ஆலையிலே, இயந்திரக் கைகள் சுழல்கின்றன. இரும்பைப் பற்றுகின்றன, இணைக்கின்றன. அவற்றின் அருகே சீருடை அணிந்த இளம்பெண்கள் நிமிர்ந்து நின்று பணிபுரிகிறார்கள்.

பகலில் இயந்திரத்தை ஆட்டிவைக்கும் அந்தப் பெண், இரவில் வீடு திரும்பும்போது, "புளியமரத்துப் பக்கம் போகாதே அம்மா, காத்து கருப்பு அண்டும்" என்று எச்சரிக்கும் குரலும் நம் ஊர்களிலேதான் கேட்கிறது!

அச்சம் மனிதனுக்கு இயற்கை. ஆனால் அது இட்டுச் செல்லும் பாதை இரண்டு. ஒன்று, "என்ன அது?" என்று விளக்கேந்திப் பார்க்கச் சொல்லும். மற்றொன்று, உடுக்கைக்கும் வேப்பிலைக்கும் முன்னே தலை கவிழச் சொல்லும். ஏட்டிலும் திரையிலும் வந்த திகில் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் நம்மை எந்தப் பாதையில் நடத்தின? வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1818-இல் இங்கிலாந்தில் மேரி ஷெல்லி என்னும் இளநங்கை 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதினாள். பிணத்துண்டுகளுக்கு உயிரூட்டிய ஆராய்ச்சியாளன், தான் படைத்த உயிரைக் கண்டே நடுங்கிக் கைவிட்டு ஓடினான். கொடுமை அங்கே தொடங்கிற்று. குற்றவாளி அறிவன்று, பொறுப்பை உதறிய மனிதன்! 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகம் 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு வழங்கிற்று. அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் கட்டாய உழைப்பு. நம் நாட்டார் 'வெட்டி' என்றார்களே, அதுதான். இயந்திர மனிதனைப் பற்றிய முதற்கதையே உழைப்பவன் கதை என்பதைப் போச்சம்பள்ளித் தோழர்கள் மறவாதிருப்பார்களாக!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1965-இல் தருமபுரி பிரியும்வரை போச்சம்பள்ளி சேலம் மாவட்டத்து ஊர். அந்தச் சேலத்தில்தான் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து, 1952-இல் 'காடு' படத்தை ஆக்கிற்று. யானைகள் வெறிகொண்டு ஊர்களைத் தாக்குகின்றன. தெய்வக் குற்றமா? இல்லை. காட்டுக்குள் தேடிச் செல்கிறார்கள். என்றோ அழிந்துபோன மாமூத் எனும் மயிரடர்ந்த பெருயானைகளைக் காண்கிறார்கள். கற்பனைதான்! ஆயினும், காரணம் தேடிய கற்பனை.

1954-இல் வந்தது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. பாட்டு ஒன்றுமில்லை. ஒரு கொலை, ஒவ்வொருவர் மீதும் ஐயம். ஐயுறுவதே அறிவின் வாயில் என்பதை அரங்கம் அமைதியாகக் கற்றது.

1961-இல் ககாரின் விண்ணில் வலம் வந்தார். ஈராண்டு கழித்து வந்தது 'கலை அரசி'. வேற்றுலகத்தார் பறக்கும் கலத்தில் இறங்கி, இசைவல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்றனர்; அவர்கள் உலகில் விஞ்ஞானம் உண்டு, கலை இல்லை! வானிலிருந்து வருவோர் தேவர் என்றே கேட்டுப் பழகிய செவிகளுக்கு இது புதுமையன்றோ? வந்தவர் தேவருமல்லர், அசுரருமல்லர். நம்மைப் போல் குறையுள்ளோர்.

1966-இல் 'யார் நீ?'. வெண்ணுடை மோகினி நடுநிசியில் பாடினாள், அரங்கம் நடுங்கியது. முடிவில் முகமூடி கழன்றது. பேயன்று, சொத்துக்கு ஆசைப்பட்ட சுற்றத்தாரின் சூழ்ச்சி!

எல்லாக் கதையும் இவ்வழி நின்றதாகக் கூறமாட்டோம். 1963-இல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவியை மெய்யென்றே காட்டிற்று. அதே ஆண்டில்தான் இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாச் சூழலில் தெய்வீக ஆற்றலை மெய்ப்பிப்போர்க்கு ஓரிலட்சம் ரூபாய் என்று அறைகூவினார். பேய், பிறவி என்று பேசப்பட்ட துன்பங்களில் மனநோயைக் கண்டு தீர்த்தவர் அவர். அவருடைய ஆய்வுக் குறிப்பிலிருந்து 1973-இல் 'மறுபிறவி' என்றே ஒரு தமிழ்ப் படம் பிறந்தது. பெயரோ பழமை, பொருளோ பகுத்தறிவு!

பின்னர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். நாட்டை ஆளும் ஜீவா ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்னும் உண்மை அக்கதையில் வெளியாகிறது. அதற்குத் துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். மக்கள் மண்டியிட்ட தலைவனே ஒரு தோற்றம்! இதனினும் கூரிய பாடம் வேண்டுமோ?

ஆனால், 2007-இல் 'முனி', 2011-இல் 'காஞ்சனா'. முகமூடி கழலவில்லை, பேய் மெய்யாகவே வந்துவிட்டது. எள்ளி ஒதுக்கிவிடலாமா? கூடாது. அந்தப் பேய்கள் யார் என்று கேட்போம். 'முனி'யில், அதிகாரம் படைத்தவன் கொன்ற குடிசைவாழ் தலைவன். 'காஞ்சனா'வில், நிலம் பறிக்கப்பட்டுக் கொலையுண்ட திருநங்கை. அவர்கள் கோரிக்கை பொய்யன்று. அவர்கள் கண்ணீர் மாயமன்று. கொலையுண்ட மதுரை வீரனையும் முத்துப்பட்டனையும் தெய்வமாக்கி வணங்கிய நாடு இது. உயிரோடிருந்தபோது வழங்காத நீதியைச் செத்தபின் படையலாக வழங்கிய நாடு!

இங்கேதான் நம் வழக்கு. அந்தத் திருநங்கைக்கு நீதி வேண்டும் என்று கண்கலங்குகிறது அரங்கம். அந்த நீதியைப் பேய் வழங்கிவிட்டதென்று மனநிறைவோடு வீடு திரும்புகிறது. தெருவிலே உயிரோடு நிற்கும் திருநங்கைக்கு வாடகை வீடு மறுக்கப்படுவதைப் பற்றி மறுநாள் பேச்சில்லை! ஏழை இறந்து, ஆவியாகி, பிறர் உடலில் புகுந்துதான் நீதி கேட்க வேண்டும் என்றால், உயிருள்ளோர்க்குச் சட்டம் எதற்கு? சங்கம் எதற்கு? வாக்குச்சீட்டு எதற்கு?

திகில் கதையை வெறுக்கச் சொல்லவில்லை. நடுங்குங்கள், களியுங்கள், முடிவில் விளக்கைப் போடுங்கள். திரைக்குப் பின்னே நிற்பவன் யார், பறிக்கப்பட்டது யாருடைய நிலம் என்று கேளுங்கள். இயந்திரக் கையின் விசையை அறிந்த போச்சம்பள்ளிப் பெண், புளியமரத்தடியில் நின்று, "பேய் எங்கே, காட்டு!" என்று கேட்கும் நாளில், நம் கதைகளும் தாமே துணிவு பெறும்.