உழவர் காத்த துறவிமடம்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சாமர்செட் என்னும் மாவட்டம் உளது. அங்கே வாஷ்ஃபோர்டு என்ற சிற்றூரை அடுத்து, புல்வெளிகளுக்கும் விளைநிலங்களுக்கும் நடுவே, கிளீவ் மடத்தின் சிதைவுகள் நிற்கின்றன. அவற்றில் விந்தை ஒன்று உண்டு. எந்த வழிபாட்டிற்காகத் துறவிகள் அங்கே கூடினரோ, அதற்குரிய தேவாலயம் இன்று பெரும்பாலும் புல்தரையில் தெரியும் அடித்தளக் கோடுகளே. அவர்கள் உண்ட கூடமும் உறங்கிய கூடமுமோ குலையாமல் நிற்கின்றன. இவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1098-இல் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் சீத்தோ என்ற இடத்தில் சில துறவிகள் புதுமடம் ஒன்றை நிறுவினர். அவ்விடத்தின் லத்தீன் பெயரைக்கொண்டு அவர்கள் வழிவந்தோர் சிஸ்டெர்சியர் எனப்பட்டனர். பழைய மடங்களில் செல்வம் மிகுந்துவிட்டது. புனித பெனடிக்ட் வகுத்த விதியை வழுவாது பின்பற்ற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஊர்களை விட்டு விலகிய நிலங்களை நாடினர். சாயமேற்றாத கம்பளியை உடுத்தினர். கையால் உழைப்பதைத் தவத்தின் பகுதியாகக் கொண்டனர். உழவையும் ஆட்டுமந்தையையும் கவனிக்க எழுத்தறிவில்லாச் சகோதரர் பலரையும் சேர்த்துக்கொண்டனர். 1128-இல் இங்கிலாந்துக்கு வந்த இச்சபைக்கு, அந்நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் தெ ரூமேர் என்ற பிரபு கிளீவில் இடம் அளித்தார். துறவிகள் அதற்கு லத்தீனில் ‘பூம்பள்ளத்தாக்கு’ என்று பெயரிட்டனர்.

எளிமையே விரதமாகக் கொண்டவர்கள் நெடுநாள் எளிமையாக இருக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் உணவுக்கூடத்தின் தரையில் அரச குடும்பத்தின் சின்னங்கள் பொறித்த ஓடுகளைப் பதித்தனர். 15-ஆம் நூற்றாண்டில் அக்கூடத்தை நீக்கி, மாடியில் புதிய கூடம் எழுப்பி, அதன் மரக்கூரையில் தேவதூதர் உருவங்களைச் செதுக்கிவைத்தனர். இதனை ஒழுக்கத்தின் வீழ்ச்சி என்பார் உளர். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லேன். அந்தக் கூரையை அண்ணாந்து பார்ப்பவர் அத்தச்சரைக் குறைகூற மாட்டார்.

கடைசி மடாதிபதியான வில்லியம் டோவெல் வாயிற்கோபுரத்தில் லத்தீன் வாசகம் ஒன்றைப் பொறித்தார். நேர்மையாளர் எவர்க்கும் இவ்வாயில் அடைபடாதிருக்கட்டும் என்பது அதன் கருத்து. ஆனால் 1536-இல், ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்குமாறு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் சட்டம் பிறந்தது. கிளீவின் வருமானம் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. மடத்தைக் கலைக்கவேண்டிய அரசு அலுவலர்களுள் ஒருவரான தாமஸ் அருண்டெல், அங்குள்ள 17 துறவிகளும் நல்லொழுக்கமுடையவர்கள், விருந்தோம்பலிற் சிறந்தவர்கள் என்று அவர்களுக்காகப் பரிந்து எழுதினார். மேலிடத்தில் அது எடுபடவில்லை. அவ்வாண்டே மடம் கலைந்தது.

அதன்பின் நிகழ்ந்தது வெறும் கணக்கு வழக்கே. கலைக்கப்பட்ட மடங்களில் ஆலயக் கூரையின் ஈயத்துக்கும் மணிகளின் வெண்கலத்துக்கும் நல்ல விலையிருந்தது. கல்லும் வேண்டுவோர்க்குப் பயன்பட்டது. வழிபாடு நின்றபின், அத்தனை பெரிய ஆலயத்தை வைத்துக்கொண்டு குடியானவர் என் செய்வார்? கிளீவின் ஆலயம் தரைமட்டமாயிற்று. மற்றக் கட்டடங்களோ குடியிருக்க உதவின. தானியமும் வைக்கோலும் வைக்க உதவின. துறவிகள் மௌனமாக உலவிய முற்றம் பண்ணை முற்றமாயிற்று. மழை ஒழுகினால் தானியம் கெடும். ஆதலால் குடியானவர் கூரையைப் பழுதுபார்த்தனர். கலையை நினைத்தா பார்த்தனர்? இல்லை. ஆயினும் தேவதூதர் உருவங்கள் அவர்கள் தலைக்குமேல் பிழைத்திருந்தன.

1870-இல் டன்ஸ்டர் கோட்டையைச் சேர்ந்த ஜார்ஜ் லட்ரெல் இவ்விடத்தை வாங்கிப் பண்ணையை அகற்றி, மண்ணைத் தோண்டச் செய்தார். 15-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்ட பழைய உணவுக்கூடத்தின் ஓட்டுத் தரை, சின்னங்களின் வண்ணம் மங்காமல் வெளிப்பட்டது. இப்பொழுது அதன்மேல் கொட்டகை அமைத்து, வெயிலும் மழையும் படாமல் காக்கின்றனர்.