‘ஏரியா எப்படிங்க?’: நடக்கிற உரிமை பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

கொங்குப் பகுதியில் வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள் வாடகை வீடு தேடும்போது கேட்கிற முதல் கேள்வி, ‘ஏரியா எப்படிங்க?’ என்பது. தண்ணீர் வருமா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பொம்பளைங்க நடந்து வரலாமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். வீட்டுக்காரர்களும் புரோக்கர்களும் இதற்கு வைத்திருக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நல்ல ஏரியாங்க, எல்லாம் டீசண்டான ஆளுங்க.’ கேட்டது தெருவைப் பற்றி. கிடைத்த பதில் ஆட்களைப் பற்றி. இந்த இடப்பெயர்ச்சி தற்செயலானதல்ல என்பதும், ‘பாதுகாப்பு’, ‘நடை’ என்கிற இரு சொற்களுக்கும் நம் மண்ணில் நூறு வருடச் சண்டையின் வரலாறு உண்டு என்பதும்தான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நான் தாராபுரத்துக்காரன். 1799க்குப் பிறகு கும்பினி ஆட்சி கோயமுத்தூர்ச் சீமையை இரண்டாகப் பிரித்து நிர்வகித்தபோது வடபாதிக்குப் பவானியும் தென்பாதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்களாக இருந்தன. 1804இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு கோயமுத்தூர் தலைமையிடமானது. அதிலிருந்து அமராவதிக் கரையிலிருக்கிற இந்த ஊர் ஆட்களை அனுப்புகிற ஊராகிப் போனது. 1979 வரை கலெக்டரைப் பார்க்க நாங்கள் கோவைக்குப் போனோம், பிறகு ஈரோட்டுக்கு, 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானதிலிருந்து திருப்பூருக்கு. இன்றுவரை ரயில் கிடையாது. படித்தவர்கள் கோவைக்கும், தறியும் தையலும் தெரிந்தவர்கள் திருப்பூருக்குமாகப் பஸ் ஏறுவது தலைமுறைகளாக நடக்கிறது. ஆகவே, ‘ஏரியா எப்படிங்க’ எங்கள் ஊரின் கேள்வி.

கோவையில் வேலை கிடைத்தபோது நானும் வீடு தேடினேன். ‘எந்தூருங்க தம்பி?’ என்பார்கள். ‘தாராபுரமுங்க.’ ‘தாராபுரத்துல எங்கீங்க?’ பேட்டையைச் சொன்னால், ‘அங்க எந்தத் தெருவுங்க?’ இந்த மூன்றாவது கேள்வியில்தான் வீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இருக்கிறது. சாதியை நேரடியாகக் கேட்பது நாகரிகமில்லை என்று நகரம் கற்றுக்கொண்டிருக்கிறது. தெருவைக் கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை. நாம் புதிய தெருவைத் தேடிக்கொண்டு போகிறோம். பழைய தெரு நமக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

2

தெரு என்பது நடப்பதற்கானது என்பது இயற்கையான உண்மைபோலத் தோன்றலாம். இந்த உண்மையை அரசு தன் ஆணையில் எழுதி வைக்க வேண்டிவந்தது 1924இல். அந்த வருடம் மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டத்தின் கோரிக்கை கோயிலுக்குள் போவதல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பது. கிறித்தவரும் இஸ்லாமியரும் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்பது அங்கே நடைமுறை. ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு முறை சிறைப்பட்டார். 1925இல் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு மூடியே கிடந்தது. அதையும் திறக்க 1936ஆம் வருட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வைக்கம் நமக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் நடந்தது அந்த அளவு பேசப்படுவதில்லை. ஆகஸ்ட் 22ஆம் தேதி இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம் எதையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம். செப்டம்பர் 25இல் அது அரசாணையானது. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் இதே சபையில் இதே உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். ஆணை வந்த இரண்டு மாதத்துக்குள் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் தேர்த்திருவிழாவின்போது நடந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். கல்பாத்தி அப்போது நமது மாகாணத்தில் இருந்தது. கோவையிலிருந்து அரை நாள் தூரம்கூடக் கிடையாது. அரசாணை சாலையைத் திறந்தது, தெரு அதை மதிக்கவில்லை.

‘நடக்கத் தக்க பேட்டை’ என்று இன்று நகரத் திட்டக்காரர்கள் பேசும்போது நடைமேடையின் அகலம், மர நிழல், கடைவீதியின் தூரம் என்று கணக்கிடுகிறார்கள். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் நமது சூழலில் நடக்கத் தக்க தெரு என்ற சொல்லாடலின் முதல் ஆசிரியர்கள் இரட்டைமலை சீனிவாசனும் வைக்கத்தில் அடிபட்டவர்களும்தான். அவர்கள் கேட்டது ‘யார் நடக்கலாம்?’ என்று. இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் அளப்பவர்கள் வரலாற்றின் பாதியை அளக்கிறார்கள்.

3

கோவையின் ‘நல்ல ஏரியாக்கள்’ எப்படி உருவாயின? 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருடங்களில் பிளேக் திரும்பத் திரும்ப இந்த ஊரைத் தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த பயத்தின் மிச்சமாக இன்றும் நகரில் நிற்கின்றன. நெருக்கமான பழைய தெருக்களை நோயின் இருப்பிடமாகப் பார்க்கிற பார்வை அப்போது வலுப்பெற்றது. 1914இல் மாகாண கவர்னர் பெண்ட்லண்ட் அழைத்து வந்த பாட்ரிக் கெட்டிஸ் இதற்கு எதிர்த்திசையில் பேசியவர். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் சிறிதாக வெட்டிச் சீர்செய்யுங்கள், நடக்கிற மனிதர்களின் பாதைகளைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் வாதம். 1920இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. ஆனால் நகரங்கள் வளர்ந்தது பெரும்பாலும் விரிவாக்கப் பகுதிகளாகத்தான். நகரசபைத் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய ஆர்.எஸ்.புரத்தின் நேர்த்தெருக்கள் அப்படி வந்தவை. வசதியுள்ளவர்கள் நோயிலிருந்தும் நெரிசலிலிருந்தும் விலகிப் போனார்கள். விலக முடிந்தவர்களின் இடத்துக்கு ‘நல்ல ஏரியா’ என்று பெயரானது.

விலக முடியாதவர்களின் வரலாறு வேறு. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் பக்கம் முளைத்த மில்களும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்களை இழுத்தன. அவர்கள் ஏரியா தேர்ந்தெடுக்கவில்லை. மில் சங்கு கேட்கிற தூரத்தில் ஒரு லைன் வீடு: ஒரே கூரை, வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நடை, எல்லோருக்கும் ஒரு குழாய். வேலைக்கு நடந்து போகலாம் என்கிற வகையில் இவையெல்லாம் உயர்தர நடைப்பேட்டைகள்தான்! ஷிப்ட் முடிந்து இருட்டில் நடந்து வருகிற பெண்ணுக்கு அந்த நடை என்னவாக இருந்தது என்பதைக் கோவைத் தொழிலாளர் வரலாறு ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு சின்னியம்பாளையத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்க நினைவில் அந்த வழக்கின் வேர், ஒரு பெண் தொழிலாளி மீது மில் அடியாட்கள் நடத்திய வன்முறை.

அரசு கண்ட தீர்வு என்ன? 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. இருட்டையும் தெருவையும் சரிசெய்வதற்குப் பதிலாகப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிற தர்க்கம் இது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரவுத் தடையைச் செல்லாது என்றது. ‘பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பான ஏரியா’ என்று இன்று வீட்டுக்காரர் சொல்லும்போது, அது பெண்கள் இரவில் நடக்கிற தெருவா, ஒன்பது மணிக்கு மேல் பெண்களே கண்ணில் படாத தெருவா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

4

வேலைக்காக ஊர் மாறி, வீடு கிடைக்காமல் போன மிகப் பெரிய இந்தியர் அம்பேத்கர். 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலை ஏற்கப் போன அவருக்கு எந்த விடுதியிலும் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். கொலம்பியாவில் படித்த ஒருவருக்குச் சம்பளம் தர சமஸ்தானத்தால் முடிந்தது, ஒரு அறை தர ஊரால் முடியவில்லை. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசியது பலருக்கும் தெரியும். நகரம் தானாக விடுதலை தந்துவிடும் என்ற மயக்கமும் பரோடாவைக் கண்ட அவருக்கு இருந்திருக்க முடியாது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு எங்கும் நடமாடவும் எங்கும் குடியிருக்கவும் உரிமை தருகிறது. 1955ஆம் வருடக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம். ஆனால் வீட்டுக்காரர் காரணம் சொல்வதில்லை. ‘சைவம் மட்டும்’ என்று போர்டு மாட்டுகிறார், அல்லது ‘வேற ஆளுக்குச் சொல்லிட்டங்க’ என்கிறார். 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டும் உறுப்பினராக்கிக்கொள்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மையின் தற்காப்பு என்று அதை வாசிக்கலாம். அந்தத் தர்க்கம் பெரும்பான்மையின் கைக்குப் போனால் ஊரே மதில் மதிலாகப் பிரிந்துவிடும் என்றும் வாசிக்க வேண்டும்.

அப்படிப் பிரிந்த நகரத்தைக் கோவை பார்த்துவிட்டது. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த நாட்களில் 18 இஸ்லாமியர்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டார்கள். அதன்பின் ‘பாதுகாப்பான ஏரியா’ என்பதற்கு இந்த நகரில் மத அர்த்தம் ஏறிவிட்டது. கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச்சாவடிகள் நின்ற காலத்தில், சொந்தத் தெருவுக்குள் நுழைய விளக்கம் சொல்ல வேண்டியிருந்தவர்களின் பாதுகாப்பை யாரும் வாடகைக் கணக்கில் சேர்க்கவில்லை. அரசு இதே காலத்தில் எதிர்ச்சோதனை ஒன்றையும் செய்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பழைய ஊரைத் தொடாமல் ஊருக்கு வெளியே புதிய ஊர் கட்டியது அதன் எல்லை. அடுத்த வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை ஆதிக்கசாதியிடமிருந்து பிடுங்கியது அதன் பெறுமதி. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5

திருப்பூருக்கு வருவோம். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சுமார் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, ஆலை விடுதியிலேயே தங்க வைத்தார்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கைக்குப் பின் உலகச் சந்தையே இதைப் பேசியது. மகளை வெளியூர் அனுப்பத் தயங்குகிற பெற்றோரிடம் சொல்லப்பட்டது என்ன? ‘கேட்டுக்குள்ளயே எல்லாம், வெளிய போக வேண்டியதில்ல, பாதுகாப்பு.’ நடை முழுவதுமாகப் பறிக்கப்பட்டு, அந்தப் பறிப்புக்கே பாதுகாப்பு என்று பெயர் வைக்கப்பட்டது. நல்ல ஏரியா என்கிற கருத்தாக்கம் தன் எல்லைக்குப் போனால் பூட்டிய கேட்டில் போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூரில் பீதியடைந்தபோது, அறைக்குள் அடைந்து கிடப்பதே பாதுகாப்பு என்று அவர்களும் நினைக்க நேர்ந்தது.

நியூயார்க்கில் நெடுஞ்சாலைகளுக்கு எதிராகப் போராடிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய அமெரிக்க நகரங்கள் பற்றிய நூலில், தெருவைக் காப்பது போலீஸைவிடத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற சாதாரணக் கண்கள் என்றார். கடைக்காரர், திண்ணையில் இருப்பவர், வந்துபோகிறவர். நமக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காதலித்தவர்களைக் காட்டிக்கொடுப்பதும், புதிதாக வந்தவனின் தெருவை விசாரிப்பதும் இதே கண்கள்தான். யாருடைய கண்கள், எதற்காகப் பார்க்கின்றன என்ற கேள்வியை ஜேக்கப்ஸோடு சேர்த்து வாசித்தால்தான் அவர் நமக்குப் பயன்படுவார்.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன பெறுவது? வீடு பார்க்கப் போகிற தோழர்கள் புரோக்கர் பேச்சை நம்பாமல் இரவு ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பேக்கரியோ டீக்கடையோ திறந்திருக்கிறதா, அங்கே பெண்கள் நின்று டீ குடிக்கிறார்களா? கறிக்கடை இருக்கிறதா? வேறு வேறு பாஷை காதில் விழுகிறதா? குப்பை அள்ள வருகிறவர்கள் அதே பேட்டையில் குடியிருக்கிறார்களா, விடிகாலையில் எங்கிருந்தோ கொண்டுவரப்படுகிறார்களா? கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி இரண்டரைக் கிலோமீட்டருக்கு அழகான நடைபாதை இருக்கிறது. அங்கே வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் அந்தப் பாதை நடைபாதைதானா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த வீட்டில் நாம் குடியேறிய பிறகு, அடுத்து ஒருவர் தாராபுரத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ‘ஏரியா எப்படிங்க?’ என்று நம்மைக் கேட்பார். அவரிடம் ‘எந்தத் தெருவுங்க?’ என்று திருப்பிக் கேட்காமல் வாடகையையும் தண்ணீரையும் மட்டும் சொல்லி அனுப்புவது சின்ன விஷயம்தான். 1924ஆம் வருட அரசாணை தெருவில் நிறைவேறாமல் நிற்பது இந்தச் சின்ன விஷயத்தில்தான்.