கொல்லைப்புறப் பந்தி: காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தின் வரலாறு

சமைத்த சோற்றில் முதற்பிடியைக் காக்கைக்கு வைத்த பின்னரே வீட்டார் உண்பது என்னும் தமிழ் வழக்கம், இன்று பெரும்பாலும் முன்னோர் வழிபாட்டின் ஒரு கூறாகவே விளக்கப்படுகிறது. எனினும் சோற்றை வைப்பதோடு அச்சடங்கு முடிவதில்லை; வைத்த சோற்றைக் காக்கை எடுக்கிறதா, எவ்வளவு நேரம் கழித்து எடுக்கிறது என்று நின்று பார்ப்பதும் அதில் அடங்கும். வீட்டுக் கொல்லையில் உயிர்கள் உணவுக்காகப் போட்டியிடும் முறையைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அறிந்துகொள்ள வழிசெய்தது இந்தப் பார்வையே.

இவ்வழக்கத்தின் தொன்மைக்குச் சங்க இலக்கியமே சான்று. தெய்வத்துக்கோ பிற உயிர்களுக்கோ படைக்கும் உணவு அக்காலத்தில் ‘பலி’ எனப்பட்டது. குறுந்தொகையின் 210ஆம் பாடலில், பிரிந்து சென்ற தலைவன் திரும்பிய மகிழ்ச்சியில் பேசும் தோழி, விருந்து வருமென்று முன்கூட்டியே கரைந்த காக்கைக்குத் தொண்டியில் விளைந்த வெண்ணெல்லின் சோற்றை நெய்யுடன் ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அது சிறிதே என்கிறாள். இப்பாடலால் சிறப்புப் பெற்ற புலவரைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே மரபு அறிகிறது. ஐங்குறுநூற்றின் 391ஆம் பாடலில், காதலனுடன் சென்றுவிட்ட மகளின் வரவுக்காக ஏங்கும் தாய், கரைந்து நற்செய்தி சொன்னால் ஊன் கலந்த உணவைப் பொற்கலத்தில் தருவதாகவும், சுற்றத்தோடு வயிறார உண்ணலாம் என்றும் காக்கையிடம் கூறுகிறாள். நற்றிணையின் 367ஆம் பாடலோ காட்சியை இன்னும் அருகில் கொண்டுவருகிறது: கூரிய அலகுடைய பெட்டைக் காக்கை, சிறகு நடுங்கும் தன் குஞ்சைத் தழுவிக்கொண்டு இனத்தைக் கூவியழைக்க, பொரிக்கறியோடு படைத்த செந்நெற்சோற்றைக் கவர்வதற்காக அக்கூட்டம் குறுகிய கால்கள் நட்ட வளமனையில் குழுமியிருக்கிறது. படையலைச் சுற்றி நடப்பதைக் கூர்ந்து கவனித்த கண்ணுக்கே இத்தகைய விவரங்கள் அகப்படும்.

திருக்குறளும் இவ்வறிவை அறத்துக்கும் அரசியலுக்கும் பயன்படுத்தியது. கிடைத்ததை மறைக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் காக்கை, ‘சுற்றந்தழால்’ அதிகாரத்தில் முன்மாதிரியாகிறது. தன்னினும் வலிய கூகையைப் பகலில் வெல்லும் காக்கை, ‘காலமறிதல்’ அதிகாரத்தில் உவமையாகிறது. கூடி உண்ணும் பழக்கத்தால் காக்கைக்கு ஆதாயமும் உண்டு; ஒன்று தலை குனிந்து கொத்தும்போது மற்றவற்றின் கண்கள் பூனையையும் வல்லூறையும் கவனிக்கும். அதே காக்கை, கூட்டம் சேருமுன் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டுபோய் ஓட்டு இடுக்கில் ஒளித்துவைப்பதும் உண்டு. அழைத்து உண்பதும் ஒளித்துவைப்பதும் அதன் பிழைப்பின் இரு பக்கங்கள்.

மேற்கண்ட பாடல்களில் காக்கை விருந்தையும் உறவையும் அறிவிக்கும் பறவையாகவும் தெய்வப்படையலில் பங்குபெறும் பறவையாகவும் வருகிறதே தவிர, முன்னோராக வருவதில்லை. இறந்தோருக்குப் பிண்டம், அதாவது சோற்றுருண்டை, படைக்கும் சிராத்த மரபும், எல்லா உயிர்களுக்கும் நாள்தோறும் உணவிடுவதை இல்லறத்தான் கடமையாக்கிய பூதயக்ஞம் என்னும் வைதிக நெறியும் இவ்வழக்கத்தோடு கலந்தபோது, காக்கை எடுக்காத சோறு முன்னோரின் மனக்குறைக்கு அறிகுறி என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. அமாவாசைப் படையலும், சனி பகவானின் வாகனம் என்பதால் சனிக்கிழமைதோறும் வைக்கும் எள்ளுச்சோறும் இவ்வழியில் வந்தவை. பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் மஞ்சள் இலையில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகச் சோற்றுப்பிடிகளை வரிசையாக வைத்து, உடன்பிறந்தாரின் நலம் வேண்டும் கனுப்பிடியில், உறவோடு சேர்ந்துண்ணும் காக்கை என்ற பழைய கருத்தே இன்றும் மேலோங்கி நிற்கிறது.

இச்சடங்குகளின் களமான கொல்லை, கிணறும் துவைகல்லும் முருங்கையும் வாழையும் கழுநீர்த் தொட்டியும் கொண்ட உழைப்பிடமாகும். அங்கே இருவகை உணவு விழுந்தது: வீட்டார் வாய்படுமுன் வைக்கும் தூய சோறு ஒன்று, உண்டபின் எறியும் எச்சில் இலை மற்றொன்று. மனிதர் இவ்விரண்டையும் கண்டிப்பாக வேறுபடுத்தினர். உயிர்களோ தங்களுக்குரிய ஒழுங்கையே பின்பற்றின. சாம்பல் கழுத்துடைய ஊர்க்காக்கை மதில்மேல் அமர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, பக்கவாட்டில் தத்தி வந்து, பெரிய துண்டைக் கவ்வியதும் பின்வாங்கும். உடல் பெருத்த அண்டங்காக்கை இறங்கினால் அது விலகும். ஆனால் கூட்டமாகத் திரண்டால் அதையே விரட்டவும் துணியும். மைனாக்கள் இணையாக நடந்து வந்து ஓரத்தைக் கொத்த, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளற, அணில் ஒரு பருக்கையை முன்னங்கால்களில் ஏந்தி, வாலை விதிர்த்தபடி கொறிக்கும். எஞ்சிய பருக்கைகள் சிட்டுக்குருவிக்கும் எறும்புக்கும் உரியவை.

மனிதரின் மிச்சத்தை நம்பி வாழும் இத்திறன் ஊர்க்காக்கையைக் கடல் கடக்கவும் வைத்தது. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கும், நகரக் கழிவைத் தின்பதற்காகச் சான்சிபார் தீவுக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது. சென்ற இடங்களில் அது பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கிழக்காப்பிரிக்காவிலும் அதைக் கொன்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. குப்பை பெருகும் இடத்தில் காக்கையும் பெருகும் என்பதே இதன் பாடம். அப்பெருக்கத்துக்குக் காரணம் முதற்பிடிச் சோறன்று, மூடப்படாத குப்பைமேடுகளே.

வீட்டைச் சுற்றிய எளிய உயிர்களைக் கவனிப்பது நவீன இயற்கையியலிலும் இடம்பெற்றது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன், ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை எழுதிய பத்தியில், காட்டு விலங்குகளோடு ஊர்ப்புறத்துச் சிற்றுயிர்களையும் அதே மதிப்போடு பதிவுசெய்தார்.

கொல்லைகள் மறைந்து அடுக்ககங்கள் எழுந்துள்ள நகரங்களில், மொட்டைமாடிச் சுவரிலும் சன்னல் விளிம்பிலும் இவ்வழக்கம் தொடர்கிறது. சோற்றை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவோர் அதன் பாதியையே காக்கின்றனர். மறுபாதியான நின்று பார்த்தலையும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வீடே, நற்றிணைப் புலவரின் கண்ணுக்கு உண்மையான வாரிசாகும்.