பேய்ப் படத்துக்கு முதல் தேடிய குடும்பம்

காடேறி, கொள்ளிவாய்ப் பிசாசு பற்றிய கதை வழங்காத ஊர் வன்னிப் பெருநிலத்தில் அரிது. குளக்கட்டின் இருளிலே பாட்டிமார் சொல்லிவந்த அக்கதைகளுக்குச் செலவு ஏதுமில்லை. அதே அச்சத்தைத் திரையிலே காட்ட முற்பட்டாலோ படச்சுருள் வேண்டும், விளக்கு வேண்டும், நடிகருக்கு ஊதியம் வேண்டும். பேயை நம்பிக் கடன் கொடுப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை கண்ட ஒரு குடும்பத்தின் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

கராச்சியிலே வானொலிப் பெட்டிக் கடை நடத்தியவர் பத்தேசந்து ராம்சிங்கானி. ஆங்கிலேய வாடிக்கையாளரின் நாவிலே அப்பெயர் 'ராம்சே' எனச் சுருங்கிற்று. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின் பின் அவர் பம்பாயிலே குடியேறினார். பின்னர் படத் தயாரிப்பிலும் இறங்கினார். 1970 இல் வெளிவந்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' தோல்வியுற்றது; கைப்பொருள் கரைந்தது. ஆயினும், அப்படத்திலே பிரித்விராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து திருட வரும் காட்சிக்கு மட்டும் மக்கள் மெய்சிலிர்த்ததை மைந்தர் துளசியும் சியாமும் கவனித்தனர். முழுப் படத்தையுமே அச்சத்தின்மீது கட்டுவோம் என்று தந்தையிடம் வற்புறுத்தினர்.

மற்றுமொரு தோல்வியைத் தாங்க அக்குடும்பத்துக்கு வலுவில்லை. ஆதலால் பணத்தைத் தேடுவதினும் செலவைக் குறைப்பதே வழியாயிற்று. சகோதரர் எழுவர். ஒருவர் கதை எழுதினார். ஒருவர் ஒளிப்பதிவு செய்தார். ஒருவர் ஒலியைக் கவனித்தார். ஒருவர் படத்தைத் தொகுத்தார். அரங்கம் அமைக்காமல் மகாபலேசுவரத்து விடுதியிலே தங்கி, ஏறத்தாழ 40 நாளில் படப்பிடிப்பை முடித்தனர். செலவு சுமார் மூன்றரை இலட்சம் ரூபா என்பர். 1972 இல் வெளியான 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' என்னும் அப்படம் பெருவெற்றி ஈட்டிற்று.

அமெரிக்காவிலும் இத்தகைய முயற்சி முன்னரே நடந்ததுண்டு. 1968 இல் வெளிவந்த ஜார்ஜ் ரொமேரோவின் பிணங்கள் எழும் படம், பத்துப் பேர் சீட்டுக் கட்டுவதுபோல ஆளுக்கு 600 டொலர் இட்ட முதலோடு தொடங்கியது. இலங்கையிலே 1972 இல் 'குத்துவிளக்கு' என்னும் தமிழ்ப் படத்தைத் தயாரித்த வீ. எஸ். துரைராஜா தொழிலாற் கட்டடக் கலைஞர். அது பேய்ப் படம் அன்று; எனினும் பெருமுதலாளியை எதிர்பாராது எழுந்த படமே.

அச்சத்துக்கு மாளிகை வேண்டுவதில்லை, இருள் போதும். அவ்விருளை எல்லாக் காடும் இலவசமாகத் தரும். ஒற்றுமையாக உழைக்கும் கைகளே அரிய முதல்.