தராசு யார் கையில்?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடியுமுன் மூட்டையோடு வந்து சேரும் உழவன், விலையிலே ஏமாந்தாலும் ஏமாறுவான். எடையிலே ஏமாற ஒப்பமாட்டான். தக்காளியும் முருங்கையும் நிறுக்கப்படும்போது அவன் கண் தராசை விட்டு அகலுவதில்லை. அதே உழவன், கடன் வாங்கிக் கல்லூரிக்கு அனுப்பிய மகனின் அறிவு நிறுக்கப்படும்போது, தராசு எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் அறியான். 'தேறவில்லை' என்று முடிவு வந்தால், தலைவிதி என்று தலையில் கைவைக்கிறான். விதியா அது? எவரோ ஒருவர் இட்ட எண் அன்றோ!

தேர்வில் நேர்மை என்றவுடன் பார்த்தெழுதும் மாணவனைப் பற்றியே பேசுகிறோம். துண்டுச்சீட்டை ஒளித்துவைத்தவனுக்குத் தண்டனை வேண்டும், மறுப்பாரில்லை. எடை போடுபவரின் நேர்மைக்குக் காவல் எது?

ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன், சோங் மரபினர் ஆண்ட சீனத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. அரசுப் பணித் தேர்வின் விடைத்தாளில் எழுதியவன் பெயரை மூடி மறைத்தனர். அதுவும் போதாதென்று, எழுத்தர்களை வைத்து விடைகளைப் படியெடுத்து, அந்தப் படியையே திருத்துவோர் கையில் கொடுத்தனர். கையெழுத்தைக் கண்டு வேண்டியவன் இவன் என்று அறிந்துவிடக் கூடாதல்லவா! கள்ளத்தனம் அங்கும் ஒழியவில்லை. 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. எனினும், எழுதுகிறவனை மட்டுமன்றித் திருத்துகிறவரையும் ஐயுற்றார்களே, அது அறிவுடைமை.

இங்கே? அதற்குச் சற்று முந்திய முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிக் குடவோலைப் பெருமை பேசுகிறோம். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது என்ற விதி பெருமைக்குரியதே. ஆனால் குடத்தில் விழத் தகுதியான பெயர் எது? வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி! ஏரைப் பிடித்தவன் தோல்வி, ஓலை நறுக்குமுன்பே எழுதப்பட்டுவிட்டது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றித் தந்த தமிழ்த் தொண்டர். பல்கலைக்கழகக் கதவு சட்டப்படி எல்லார்க்கும் திறந்திருந்தது. படிக்கட்டோ சிலர் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கியது. கல்வியிலும் பதவியிலும் ஒரு சிறு வகுப்பாரே நிறைந்திருந்ததை, 1916இல் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை நாடறியச் செய்தது.

அப்படிப் போராடி வெட்டிய படிகளில் ஏறி வந்த பிள்ளைக்கு உச்சியிலே காத்திருந்தது என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ஏப்ரல்-மே தேர்வுகளுக்குப் பின், மறுமதிப்பீடு கோரி 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. அங்கே பணம் பெற்று மதிப்பெண் உயர்த்தப்பட்டதாகக் குற்றம் சாட்டி, 2018 ஆகஸ்டில் ஊழல் தடுப்புத் துறையினர் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்ளிட்ட 10 பேர்மீது வழக்குப் பதிந்தனர். எவர் குற்றவாளி என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நம்மை உறுத்துவது வேறு: தவறாகத் திருத்தப்பட்டவன் முறையிடவென்று வைத்த வாயிலே, காசுள்ளவன் நுழையும் வாயிலாயிற்று என்றால், இரண்டு மதிப்பெண்ணில் தவறிய ஏழை எங்கே போவான்?

காசு வாங்கினால்தான் தராசு சாயும் என்பதுமில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்: முதல் பத்துத் தாள்களிடம் காட்டிய பொறுமையைக் கட்டின் கடைசித் தாளுக்குக் காட்டுவதில்லை. அழகிய கையெழுத்துக்கு அரை மதிப்பெண் நம்மையறியாமல் நழுவுகிறது. கோணல் எழுத்துக்காரன் அதே விடையை எழுதியும் இழக்கிறான்.

இதற்கு மருந்தொன்று 2011 ஆகஸ்ட் 9 அன்று கிடைத்தது. திருத்திய விடைத்தாள் எங்கள் மறைபொருள் என்று தேர்வு நடத்துவோர் வாதாடினர். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தன் விடைத்தாளைத் தானே காண மாணவனுக்கு உரிமை உண்டு என்றது. திருத்தியவர் பெயரை மட்டும் மறைக்கலாம் என்றும் சொன்னது. சீனத்தான் மாணவன் பெயரை மூடினான். இங்கே ஆசிரியர் பெயரையும் மூடித் தாளைத் திறந்தார்கள்.

இந்தத் தீர்ப்பைச் சந்தைத் திடலிலே நிற்கும் தந்தையருள் எத்தனை பேர் அறிவர்? அவர்களைக் குறை சொல்வானேன்! தேர்வுக்கு முன்னாள் வகுப்பறையில் நின்று, 'பார்த்தெழுதினால் தண்டனை' என்ற ஒழுங்கை ஆண்டுதோறும் உரக்கப் படித்துக் காட்டுகிறோம். 'உன் தாளைக் கேட்டுப் பார்க்கலாம்' என்பதை ஒருமுறையேனும் படித்தோமா?